சட்டை போட்ட வாஷிங் மெஷின்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைக் கொன்றது நான்தான் என்று ஆறு நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். நானும் தூங்கத்தான் வேண்டும். ஆனால் சில நாள் கண்ணை மூடினால் அந்த 'உர்ர்' சத்தம் காதுக்குள் வந்துவிடுகிறது. அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. அப்பா ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். நான்கு மாதத்துக்கு முன்னால் அவரை மதிய வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மணிக்குப் போனால் பாதி ராத்திரிக்குத்தான் வருவார். நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். வார நாட்களில் அப்பாவிடமிருந்து எங்களுக்குக் கிடைப்பது குறட்டை மட்டும்தான்.

அம்மா தையல் ஆலையில் வேலை செய்கிறாள். அங்கே சட்டையின் உடம்பை ஒருத்தர் தைப்பார், கையை ஒருத்தர், பொத்தானை ஒருத்தர். அம்மாவிடம் வருவது காலர் மட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர், காலர், காலர். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது என்பாள்.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதற்கோ என்னவோ, வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானுக்கும் அம்மா சட்டை தைத்துப் போட்டிருக்கிறாள். மிக்ஸிக்கு ஒரு சட்டை. டிவிக்கு ஒன்று. ஃப்ரிட்ஜுக்குக் கோடு போட்டது. வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்டது, மேலிருந்து தரை வரைக்கும். முகத்தில் வட்டக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு ஓட்டை. கை பழகிப்போனதாலோ என்னமோ அதற்கு ஒரு காலரும் வைத்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தக் காலரைத்தான் பார்ப்பார்கள். பிறகு எங்களைப் பார்ப்பார்கள்.

"சட்டை போட்டா தூசி படாது. தூசி படலன்னா ரொம்ப நாள் உழைக்கும்" என்பாள் அம்மா. அதற்கு இன்னொரு விதியும் உண்டு. மெஷினை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் ஓட்டக் கூடாது.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். குட்டி என்று கூப்பிடுவோம். எட்டு வயது. அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அதே நாளில்தான் மெஷினும் வண்டியில் வந்து இறங்கியது. அவனை அம்மா தூக்கிக்கொண்டு ஏறினாள். மெஷினை மூன்று பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர்கள் இரட்டைப் பிள்ளைகள். குட்டியின் பிறந்தநாளன்று மெஷினையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் ரகசியம்.

அப்பாவின் வேலை நேரம் மாறிய வாரத்திலிருந்து குட்டி ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். நானும் அவனும் ஒரே அறையில் படுக்கிறோம். முதல் நாள் அவன் எழுந்து, சுவரைப் பார்த்தபடி நின்று, அம்மாவிடம் சொல்லாதே என்றான். சரி என்றேன். அவ்வளவுதான். ஒரு 'சரி' நான்கு மாதம் இழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடம் விட்டு நான்கரைக்கு வருவோம். அம்மா வர ஏழு மணி ஆகும். அந்த நேரத்தில் விரிப்பை மெஷினில் போடுவேன், சுற்றி முடிந்ததும் பால்கனியில் காயவைப்பேன், அம்மா வருவதற்குள் மடித்து வைத்துவிடுவேன். சில நாள் பாதி ஈரத்தோடு மடித்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை ஓட வேண்டிய மெஷின் ஏறக்குறைய தினமும் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை தடிமனான போர்வையும் நனைந்துவிட்டது. போர்வை, இரண்டு விரிப்பு, குட்டியின் கால்சட்டை எல்லாவற்றையும் திணித்துக் கதவை முழங்காலால் அழுத்தி மூடினேன். மெஷின் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு 'உர்ர்' என்று முனகியது. நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் அப்படியே நின்றது. கதவும் திறக்கவில்லை. போர்வையின் ஒரு மூலை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் நின்றாள்.

"எதுக்குடி போர்வைய போட்ட?"

"பால் கொட்டிடுச்சும்மா."

"எவ்ளோ பால்?"

"ஒரு டம்ளர்."

"ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு போர்வை, ரெண்டு விரிப்பு, ஒரு கால்சட்டையா?"

"கொஞ்சம் பெரிய டம்ளர்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கதவு 'டக்'கென்று விட்டுக்கொடுத்ததும் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. சொட்டச் சொட்டப் போர்வையை வெளியே இழுத்துப் பக்கெட்டில் போட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜோசியர் வந்தார்.

அவர் நிஜ ஜோசியர் இல்லை, மெஷின் ரிப்பேர் செய்கிறவர். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. எந்தச் சாமானைப் பார்க்க வந்தாலும் முதலில் அது பிறந்த வருஷத்தைக் கேட்பார். பிறகு அதன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு அதற்கு மிச்சம் இருக்கும் ஆயுசைச் சொல்லுவார். அவருக்கு முட்டி மடங்காது. குனியாமல், உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவார்.

அன்றைக்கு எங்களுடையது பதினான்காவது வீடு என்றார். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மெஷினின் காலரை விலக்கிவிட்டு மேலே கை வைத்தார். அம்மா ஸ்விட்சைப் போட்டாள். 'உர்ர்.'

"எத்தனை வயசு?"

எட்டு என்றாள் அம்மா. வாரத்துக்கு இரண்டே தடவைதான் ஓட்டுவோம் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னாள்.

ஜோசியர் கண்ணைத் திறந்தார். "ரெண்டு தடவையா? கை வெச்சா தினம் ஓடின உடம்பு மாதிரி இருக்கே தங்கச்சி."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"இப்ப வர்ற மெஷினுக்கெல்லாம் எட்டு வருஷம். மிஞ்சிப் போனா பத்து. கம்மியா ஓட்டினா ரெண்டு வருஷம் கூட வரும், ஜாஸ்தி ஓட்டினா அதுவும் வராது. இதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சு. மோட்டார் போயிருக்கும். அதுக்குச் செலவு பண்றது வீண்."

குட்டி அறைக் கதவின் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மற்றச் சாமானுக்கெல்லாம் எவ்வளவு என்று கேட்டான். ஜோசியருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. மிக்ஸிக்கு ஏழு, ஃப்ரிட்ஜுக்குப் பன்னிரண்டு, மின்விசிறிக்குப் பதினைந்து என்று வரிசையாகச் சொன்னார். அலமாரி மேலே அம்மாவின் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது வாங்கியது, தூக்கினால் கை இறங்கிவிடும். அதைக் காட்டினான் குட்டி.

"அதுக்கு ஆயுசே கிடையாது. அதெல்லாம் அப்போ செஞ்சது. கனம். இப்போ செய்யறதெல்லாம் லேசு" என்றார்.

அவர் போனதும் அம்மா மெஷினின் காலரை நேராக்கிவிட்டாள். புதிது வாங்குவதை அடுத்த வருஷம் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரரை வந்து எடுத்துப்போகச் சொல்லலாம் என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மெஷினிடம் சொன்னதுபோலத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ராத்திரி அம்மா குளியலறையில் உட்கார்ந்து துணி துவைத்தாள். காலர் பிடித்துப் பிடித்து அவளுடைய வலது மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கியிருந்தது. பிழியும்போது இடது கையால்தான் பிழிவாள். நான் பிழிகிறேன் என்று போனால், படி, பரீட்சை வருது என்று அனுப்பிவிடுவாள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் ஓட்டினது நான். ஆயுசைக் குறைத்தது நான். இதைச் சொல்ல வேண்டுமென்றால் ஏன் ஓட்டினேன் என்றும் சொல்ல வேண்டும். அது குட்டியின் ரகசியம்.

அந்தக் குட்டிதான் அந்த வாரம் வினோதமாக நடந்துகொண்டான்.

புதன்கிழமை மாடிப்படியில் ஓடி ஏறவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினான். வியாழக்கிழமை பந்து விளையாடக் கூப்பிட்டவர்களிடம் வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். தண்ணீர் கொஞ்சம்தான் குடித்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லலாமென்றால் அவள் குளியலறையில் இடது கையால் பிழிந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் தரையில் மரக்கட்டைபோல மல்லாந்து கிடந்தான். கண் மட்டும் திறந்திருந்தது.

"என்னடா பண்ற?"

"ஓடாம இருக்கேன்."

"எதுக்கு?"

"கம்மியா ஓடினா ரெண்டு வருஷம் கூட வரும்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது மெஷினுக்குடா குட்டி."

"நானும் அதுவும் ஒண்ணாத்தானே வந்தோம். அதுக்கும் எட்டு, எனக்கும் எட்டு. அதுக்குத் தண்ணி வெளிய போகல. எனக்கு நிக்காம போகுது. ரெண்டு பேருக்கும் தண்ணியிலதான் ரிப்பேர்."

வேறு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது, இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவர் அப்போ செஞ்சது. கனம்" என்றான் குட்டி. "நான் இப்போ செஞ்சது. லேசு."

அப்படியெல்லாம் இல்லைடா என்றேன். நீ என்ன டாக்டரா என்று கேட்டான். பேசினால் ஆயுசு குறையும் என்று பிறகு வாயையும் மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, மெஷினின் சட்டையைக் கழற்றி வை, துணி இன்னும் நன்றாக இருக்கிறது, வேறு எதற்காவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் இரும்புக்காரர் வருகிறார்.

இரண்டு மணிக்கு அப்பாவும் கிளம்பிப் போனார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். குட்டி சற்றுத் தள்ளித் தரையில் கிடந்தான்.

முதலில் காலர் பொத்தானைக் கழற்றினேன். சட்டையின் அடிப்பகுதியில் எலாஸ்டிக் வைத்து, அதை மெஷினின் கால்களுக்குக் கீழே செருகியிருந்தாள் அம்மா. எட்டு வருஷமாக அதை யாரும் எடுத்ததில்லை. துவைக்க வேண்டுமென்றால்கூட மேலோட்டமாகத் துடைப்பதோடு சரி. ஒவ்வொரு காலாக அசைத்து உருவினேன். சட்டை கையோடு வந்தது.

உள்ளே மெஷின் வெள்ளை வெளேரென்று இருந்தது. நேற்று வாங்கியதுபோல. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அழுகையாக வந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். வலது பக்கம், தரைக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னச் சதுரக் கதவு.

"குட்டி, இங்க ஒரு கதவு இருக்குடா."

அவன் கண்ணை மட்டும் உருட்டினான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

அம்மா எல்லாச் சாமானின் காகிதங்களையும் ஒரு பிஸ்கெட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறாள். பத்திரம் என்றால் அவ்வளவு பத்திரம், யாரும் படித்ததே இல்லை. மெஷினோடு வந்த புத்தகம் அடியில் கிடந்தது. பதினேழாம் பக்கத்தில் அந்தச் சின்னக் கதவின் படம் இருந்தது. அழுக்குத் தண்ணீர் வெளியே போகும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது, அதை மாதம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது.

"மாசம் ஒரு தடவையா?" என்றான் குட்டி. விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "எட்டு வருஷம்னா தொண்ணூத்தாறு தடவ. நாம எத்தன தடவ பண்ணோம்?"

ஒரு தடவைகூட இல்லை. அவனுக்கும் தெரியும்.

பிளக் வெளியே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். தரையில் பழைய துண்டுகளை விரித்தேன். கரண்டிக் காம்பால் அந்தக் கதவை நெம்பித் திறந்து, உள்ளே இருந்த உருண்டை மூடியை மெல்லத் திருகினேன். சாம்பல் நிறத் தண்ணீர் சொட்டியது. இன்னும் திருகினேன், ஒழுகியது. குட்டியைத் தட்டு எடுத்துவரச் சொன்னேன். ஒரு தட்டு நிறைந்ததும் மூடியை இறுக்குவேன், அவன் அதைக் கொண்டுபோய்க் குளியலறையில் கொட்டிவிட்டு வருவான், மறுபடி திருகுவேன். போர்வையின் வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து வீடே நாறியது. ஆறாவது தட்டுக்கு அவன் ஓடினான். ஓடுகிறோம் என்பதை அவன் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தண்ணீர் நின்றதும் மூடி முழுசாகக் கழன்று வந்தது. அதோடு கூடவே, என் முஷ்டி அளவுக்கு, ஈரமாக, கொழகொழவென்று ஒன்று வந்தது. நான் கையை உதறினேன். செத்த எலி என்று நினைத்துவிட்டேன்.

எலி இல்லை. நூல். அம்மாவின் உடம்பிலும் புடவையிலும் தினமும் ஆலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வருமே, அந்தத் துண்டு நூல்கள். எட்டு வருஷத்து நூல் கெட்டியாகப் பின்னிப்பிணைந்து கிடந்தது. அதற்குள் இரண்டு பொத்தான், ஒரு ஊக்கு, வெள்ளையாக ஏதோ ஒன்று.

குட்டி அந்த வெள்ளையை எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"என் பல்லு" என்றான்.

போன வருஷம் அவனுடைய முன்பல் விழுந்தது. அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று கால்சட்டைப் பையில் போட்டுவைத்துத் தொலைத்துவிட்டான். இரண்டு நாள் அழுதான். அதே பல்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"இது எங்க இருந்துச்சு?"

அவன் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினான்.

"இப்ப அங்க என்ன இருக்கு?"

நாக்கால் தடவிப் பார்த்தான். அங்கே புதுப் பல் இருந்தது, முனையில் ரம்பம்போலச் சின்னச் சின்ன மேடுகளோடு. "பல்லு."

"யார் வந்து மாத்தினாங்க? ஜோசியரா?"

அவன் மறுபடி நாக்கால் தடவினான். "யாரும் வரல. அதுவே வந்துச்சு."

"இந்தக் கதவு உடைஞ்சா மெஷினுக்கு அதுவே வருமா?"

அவன் சின்னக் கதவைப் பார்த்தான். பல்லைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான்.

"வராது" என்றான். பிறகு, யாருக்கோ தீர்ப்புச் சொல்வதுபோல, "அப்ப நான் லேசு இல்ல" என்றான். பல்லைப் பையில் போடப்போனவன் நின்று, யோசித்து, அலமாரியில் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

வடிகட்டி இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே குட்டியாக ஒரு விசிறி. அதில் இன்னொரு பொத்தான் குறுக்கே மாட்டியிருந்தது. கரண்டிக் காம்பால் தள்ளினேன். விழுந்தது. விரலால் தொட்டதும் விசிறி லேசாகச் சுற்றியது. எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, இருந்தபடியே திருகினேன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

'உர்ர்' என்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த நொடி, தொண்டையில் எதுவோ சிக்கியவர் இருமுவதுபோல ஒரு சத்தம். பிறகு கடகடவென்று மிச்சத் தண்ணீர் குழாய் வழியாக வெளியே ஓடியது. குட்டி போய் அவனுடைய விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தான். கேட்காமலே கொண்டுவந்தான்.

அம்மா வரும்போது மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடியிலேயே அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கடைசிப் படிகளை வேகமாக ஏறி வந்தவள், தோளில் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். தட்டில் இருந்த நூல் பந்தைக் காட்டினேன்.

அம்மா அதை எடுத்தாள். அருவருப்பே படவில்லை. விரலால் மெல்லப் பிரித்தாள். வெளியே கறுப்பு, அதற்குள் மெரூன், இன்னும் உள்ளே இளநீலம்.

"இந்தக் கறுப்பு போன மாசத்து ஆர்டர். இது மெரூன், ராத்திரி பத்து மணி வரைக்கும் தைச்சோமே, அந்த வருஷம். இந்த நீலம்…" கொஞ்சம் யோசித்தாள். "குட்டி நடக்க ஆரம்பிச்சப்போ."

பிறகு அவள் கை நின்றுவிட்டது. மடித்து வைத்திருந்த பூப்போட்ட சட்டையைப் பார்த்தாள்.

"நூலும் என்னோடது. கதவ மறைச்ச சட்டையும் நான் தைச்சது. நான்தான் இத அடைச்சிருக்கேன்."

அந்த நிமிஷம் நான் சும்மா இருந்திருக்கலாம். நான் தப்பித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் தன்னுடைய வீங்கின மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அதைச் சொன்னாள்.

"நீ மட்டும் இல்லம்மா. நான் தினம் ஓட்டினேன். நாலு மாசமா. உனக்குத் தெரியாம."

"தினமா? எதுக்கு?"

பால் என்று ஆரம்பித்தேன்.

"பால் இல்லம்மா" என்றான் குட்டி. மெஷினின் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான். ராத்திரில."

அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே சுற்றும் விரிப்பைப் பார்த்தாள்.

"பெரிய டம்ளர்தான்" என்றாள்.

குட்டிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. அம்மா அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எட்டு வயதுப் பையன், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டாள். நீ சோர்ந்து சோர்ந்து வருகிறாய், இதையும் எதற்கு உன் தலையில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தேன் என்றேன்.

"சோர்ந்து போயிருந்தாலும் சொல்லுடி. உக்காந்துக்கிட்டே கேப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து வெறும் கையோடு திரும்பிப் போனார். அம்மா மெஷினின் சட்டையில் அந்தச் சின்னக் கதவு இருக்கும் இடத்தைச் சதுரமாக வெட்டி, மூடித் திறக்க ஒரு மடிப்பு வைத்து, வடிகட்டியில் கிடைத்த பொத்தான்களில் ஒன்றையே அதில் தைத்தாள். மாதத்தின் முதல் நாள் அந்தப் பொத்தானைக் கழற்றுவது என் வேலை. தட்டு பிடிப்பது குட்டியின் வேலை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டியோடு படுத்துக்கொள்கிறார். குட்டியின் படுக்கை சில நாள் காய்ந்திருக்கும், சில நாள் நனைந்திருக்கும். நனைந்த நாளில் அம்மாவிடம் சொல்லிவிட்டே மெஷினில் போடுகிறோம். மாடிப்படியில் அவன் மறுபடி ஓடுகிறான். கீழ்வீட்டுக்காரர்தான் அலுத்துக்கொள்கிறார்.

போன வாரம் மின்விசிறியைப் பார்க்க ஜோசியர் வந்தார். மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு அதன் தலையில் கை வைத்தார். அம்மா பொத்தானைக் கழற்றிச் சின்னக் கதவைக் காட்டினாள். அவர் முகம் வாடிப்போனது.

"குனிய முடியல தங்கச்சி. முட்டி. அதான் கீழ பாக்கல" என்றார்.

அம்மா அவருக்கு நாற்காலி போட்டாள். குட்டி அவருக்கு எதிரே போய் நின்றான்.

"உங்க முட்டிக்கு எத்தனை வயசு?"

"அம்பத்தாறு."

"அப்போ செஞ்சதுதான். கனம். ஒண்ணும் ஆகாது" என்று அவருடைய முட்டியில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "ஆனா எங்கயாவது ஒரு சின்னக் கதவு இருக்கும். டாக்டர்கிட்ட தேடச் சொல்லுங்க."

ஜோசியர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சமையலறையில் ஃப்ரிட்ஜ் 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டது. அதற்குப் பதினொரு வயது. ஜோசியர் கணக்குப்படி இன்னும் ஒரு வருஷம்தான். போன மாதமாக இருந்தால் விடிய விடிய விழித்திருப்பேன். நாளைக்கு அதன் சட்டையைக் கழற்றி, பின்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம். கொட்டாவி வருகிறது.